பதினெட்டில் மூடப்படும் கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளில் 'உணர்வுப் பாதிப்பு' என்ற பிரிவின் கீழ் சிறப்புக் கல்வி பெற்ற 100 பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். பள்ளியை விட்டு எட்டு ஆண்டுகள் வரை ஆன நிலையில், அவர்களில் 53 பேர் கல்லூரியிலோ தொழிற்பயிற்சிப் பள்ளியிலோ ஒரு தடவையாவது சேர்ந்திருந்தார்கள். விசாரித்த சமயத்தில் வேலையில் இருந்தவர்கள் 50 பேர். ஒரு தடவையாவது கைதானவர்கள் ஏறத்தாழ 60 பேர்.

இந்த எண்கள் அமெரிக்கக் கல்வித் துறைக்காக கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் நிறுவனம் நடத்திய நீண்டகால ஆய்விலிருந்து வருபவை. 2000-ஆம் ஆண்டு இறுதியில் 13 முதல் 16 வயதில் இருந்த, சிறப்புக் கல்வி பெற்ற 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 2009 வரை தொடர்ந்து விசாரித்தார்கள். எட்டு ஆண்டு நிலவரத்தைச் சொல்லும் அறிக்கை 2011-ல் வந்தது. இவ்வளவு பேரை இவ்வளவு காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் அரிது. அதனால் எண்கள் பழையவை என்று தெரிந்தும் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் 60 என்ற எண்ணின் கனம் புரியும். எல்லா வகைக் குறைபாடும் உள்ள இளைஞர்களைச் சேர்த்துப் பார்த்தால் கைதானவர்கள் 100-க்கு 32 பேர். உணர்வுப் பாதிப்புப் பிரிவில் அது கிட்டத்தட்ட இரு மடங்கு. வேலைக் கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. ஆட்டிசம் உள்ள இளைஞர்களில் 100-க்கு 37 பேரும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் 39 பேரும்தான் வேலையில் இருந்தார்கள். உணர்வுப் பாதிப்பு உள்ளவர்கள் இவர்களை முந்தி 50-ல் நிற்கிறார்கள். ஆக, வேலைக்குப் போகும் திறன் இவர்களிடம் இருக்கிறது. ஊரும் சட்டமும் இவர்களை நடத்தும் முறையில்தான் ஏதோ ஒன்று முறிகிறது. எங்கே முறிகிறது என்பதைப் பணக் கணக்கின் வழியாகத் தேடிப் பார்க்கலாம்.

முதலில் இந்தப் பிள்ளைகள் யார்? கல்விச் சட்டம் ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. அறிவாலோ புலன்களாலோ உடல்நிலையாலோ விளக்க முடியாத கற்றல் தடை, சக மாணவரோடும் ஆசிரியரோடும் உறவை நிலைநிறுத்த முடியாமை, சாதாரணச் சூழலில் பொருந்தாத நடத்தை, விலகாத துயரம், பள்ளியை நினைத்தாலே வரும் அச்சமும் உடல் வலியும். இவற்றில் ஒன்றாவது நீண்ட காலமாக, கண்ணுக்குத் தெரியும் அளவில், படிப்பைக் கெடுக்கும்படி இருக்க வேண்டும். இந்தப் பட்டியலின் வேர் 1950-களில் கலிபோர்னியாவில் ஈலை போவர் என்பவர் நடத்திய ஆராய்ச்சியில் இருக்கிறது. அதே பிரிவின் கடைசி வரி, 'சமூகத்தோடு ஒத்துப்போகாத' பிள்ளைகளுக்கு இது பொருந்தாது என்கிறது. வீட்டில் அடிபட்டு வளர்ந்து வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறியும் 14 வயதுப் பையன் பாதிக்கப்பட்டவனா, ஒத்துப்போகாதவனா? இந்தக் கேள்விக்குப் பள்ளி சொல்லும் பதிலில் அவனுக்கான பல ஆண்டுச் செலவும் உதவியும் தொங்குகின்றன.

சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் நாடு முழுக்க சுமார் 75 லட்சம் பேர். அதில் இந்தப் பிரிவு சுமார் 5 விழுக்காடு. மொத்த மாணவர்களோடு ஒப்பிட்டால் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் 2010-ல் வெளியான தேசிய மனநல ஆய்வொன்று, 13 முதல் 18 வயதுள்ளவர்களில் 22 விழுக்காட்டினர் அன்றாட வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கும் மனநலச் சிக்கலை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள் என்று கண்டது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள்தான். இருந்தாலும் இடைவெளி மலைக்க வைக்கிறது. பள்ளியின் பதிவேட்டில் ஏறும் பிள்ளை, பெரும்பாலும் சத்தம் போட்ட பிள்ளை. நான்கில் மூன்று பங்கு ஆண் பிள்ளைகள். கறுப்பின மாணவர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழும் பெண் பிள்ளைகள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களை நம் கணக்காலும் எட்ட முடியாது.

பள்ளிச் செலவு

1975 நவம்பர் 29 அன்று ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அந்தச் சமயத்தில் நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் 80 லட்சம் பேர் என்றும், அவர்களில் பாதிக்கு மேல் தகுந்த கல்வி பெறவில்லை என்றும், 10 லட்சம் பேர் பள்ளிக்கே வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்றும் நாடாளுமன்றமே பதிவு செய்தது. கூடுதல் செலவுக்காக, ஒரு சராசரி மாணவருக்கு ஆகும் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்பது அன்றைய வாக்கு. இன்று வரும் பங்கு 15 விழுக்காட்டுக்கும் கீழே. அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 1,420 கோடி டாலர். 75 லட்சம் பேருக்கு வகுத்தால் தலைக்கு 1,900 டாலர்கூட வராது. மிச்சத்தை மாநிலமும், வீட்டு வரி வாங்கும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் சுமக்கின்றன.

அந்தச் சுமை எவ்வளவு? 1999-2000 கல்வியாண்டில் நடந்த ஒரு பெரிய செலவு ஆய்வின்படி, சாதாரண மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6,556 டாலர். உணர்வுப் பாதிப்பு உள்ள மாணவருக்கு 14,147. வித்தியாசம் 7,591 டாலர். பத்து வயதில் பதிவேட்டில் ஏறி பதினெட்டு வரை படித்தால், எட்டு ஆண்டில் கூடுதலாக 60,728 டாலர், அதுவும் கால் நூற்றாண்டுக்கு முந்தைய விலையில். உளவியலாளர், துணை ஆசிரியர், சிறிய வகுப்பு, தனி வாகனம், சில பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி எல்லாம் இந்தத் தொகைக்குள் அடக்கம். இது கொஞ்சப் பணமில்லை. இந்தப் பிள்ளைகளை அமெரிக்கா அலட்சியம் செய்தது என்று யாராவது மொத்தமாகச் சொன்னால் அது சரியாகாது. பள்ளி வாசல் வரை நாடு செலவு செய்தது.

செலவு செய்தும் பலன் ஏன் சுருங்கியது? அதே எஸ்ஆர்ஐ ஆய்வில், பெற்றோர் சொன்னபடி இந்தப் பிரிவு மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பள்ளி நாட்களில் ஒரு தடவையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ கண்டவர்கள். உதவிக்குச் செலவிடப்பட்ட நாட்களில் ஒரு பகுதி, பிள்ளை வகுப்பில் இல்லாத நாட்களாகப் போயிருக்கிறது. ஆய்வு தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் பள்ளியை விட்டு வெளியேறியவர்களில் 56 விழுக்காட்டினர்தான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள். 44 விழுக்காட்டினர் சான்றிதழ் இல்லாமல் போனார்கள். குறைபாட்டுப் பிரிவுகள் அனைத்திலும் இடைநிற்றல் மிக அதிகமாக இருப்பது இன்றும் இந்தப் பிரிவில்தான்.

பள்ளி உளவியலாளர் கணக்கையும் பாருங்கள். 500 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது அவர்களது தேசியச் சங்கம். நடப்பில் ஏறத்தாழ 1,100 மாணவருக்கு ஒருவர். மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதுவதிலேயே ஒருவரின் வாரம் தீர்ந்துவிடும். பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கிருந்து வரும்?

பதினெட்டாவது பிறந்தநாள்

பள்ளிக்குள் இருக்கும்வரை ஒரு கவசம் உண்டு. குறைபாட்டின் விளைவாக நடந்துகொண்ட பிள்ளையைப் பள்ளி தன் இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் இதே உணர்வுப் பாதிப்புப் பிரிவைச் சேர்ந்த இரு மாணவர்களின் வழக்கில், 1988-ல் உச்ச நீதிமன்றம் 10 பள்ளி நாள் என்ற எல்லையை உறுதி செய்தது. அதற்கு மேல் நீக்க வேண்டுமானால், அந்த நடத்தைக்குக் காரணம் குறைபாடா என்று கூட்டம் போட்டு ஆராய வேண்டும். 16 வயதாகும்போது, பள்ளிக்குப் பின் என்ன செய்வது என்ற திட்டத்தை ஐஇபி என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதியாக வேண்டும். வேலை, கல்லூரி, தேவையானால் தனியாக வாழும் பயிற்சி என எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

பள்ளி முடிந்தால் இந்தக் கடமைகள் அத்தனையும் அங்கேயே நின்றுவிடும். சட்டப்படி சேவை 21 வயது வரை நீளலாம். மிச்சிகனில் 26 வரைகூட. ஆனால் பட்டயம் வாங்கியவருக்கு அது கிடையாது. படிப்பை விட்டவருக்கோ, பள்ளிக்குத் திரும்பினால்தான் உண்டு. அதன்பின் இருப்பது பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம். அதில் கேட்பவருக்குத்தான் சலுகை. தனக்கு என்ன பாதிப்பு, என்ன உதவி வேண்டும் என்று அந்த இளைஞரே கல்லூரியிடமும் முதலாளியிடமும் சொல்ல வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மத்தியச் சட்டம் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. ஊரோரச் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவும் பையன் ஒரு நாள் மேலாளரிடம் கத்திவிட்டால், 10 நாள் கூட்டம் கிடையாது. அன்று மாலையோடு வேலை போகும்.

கேட்பவருக்குத்தான் என்ற விதி எவ்வளவு பேரைக் கழற்றிவிடுகிறது என்பதற்கும் எண் இருக்கிறது. எல்லா வகைக் குறைபாட்டையும் சேர்த்து, உயர்நிலைப் பள்ளியில் ஏதேனும் சலுகை பெற்றவர்கள் 87 விழுக்காடு. கல்லூரியில் பெற்றவர்கள் 19. பள்ளி பதிவு செய்த குறைபாடு தனக்கு இருப்பதாகவே நினைக்காத கல்லூரி மாணவர்கள் 63 விழுக்காடு. கல்லூரியிடம் சொன்னவர்கள் 28. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'பிரச்சினைப் பிள்ளை' என்ற பட்டத்தோடு பத்து வருஷம் நடந்தவருக்கு, புதிய ஊரில், புதிய வகுப்பில், அந்தப் பட்டத்தை இறக்கி வைக்க வேண்டும் என்று தோன்றாதா?

மருத்துவக் கணக்கும் இதே வயதில்தான் முறிகிறது. மனநலச் சேவைக்கு வருபவர்கள் 16, 17 வயதில் ஆயிரத்துக்கு 34 பேர் என்றும், 18, 19 வயதில் 18 பேர் என்றும் 2008-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நோய் இந்த வயதில் குறைவதில்லை. வாழ்நாள் மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்பது 2005-ன் புகழ்பெற்ற கணிப்பு. நோய் ஏறும் வயதில் வருகை பாதியாகிறது. குழந்தைகள் மருத்துவமனை வேறு, பெரியவர் மருத்துவமனை வேறு. மருத்துவரும் மாறுகிறார், தகுதி விதியும் மாறுகிறது. 18 ஆனதும் பிள்ளையின் சம்மதமில்லாமல் தாயிடம் மருத்துவர் எதையும் பகிர வேண்டியதில்லை. பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரை இருக்கலாம் என்று 2010-ன் சட்டம் சொன்னது பெரிய ஆறுதல்தான். பெற்றோருக்கே காப்பீடு இல்லாத வீட்டுக்கு அது உதவாது. டெக்சஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட 10 மாநிலங்கள் ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டை எல்லாப் பெரியவர்களுக்கும் விரிக்கவில்லை. அங்கே குழந்தை இல்லாத ஏழை இளைஞர் மெடிக்கெய்டு பெற முக்கியமான வழி, குறைபாட்டு உதவித்தொகையில் இருப்பது. இனி அந்தத் தொகையின் கணக்கு.

967 டாலர்

எஸ்எஸ்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த மத்திய உதவித்தொகை, ஏழைக் குடும்பங்களில் குறைபாட்டோடு இருக்கும் சுமார் 10 லட்சம் குழந்தைகளுக்குப் போகிறது. 2025-ல் முழுத் தொகை மாதம் 967 டாலர். 18 வயதானதும் பெரியவருக்கான அளவுகோலில் மறுபடி பரிசோதிப்பார்கள். இந்தப் பரிசோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொகையை இழக்கிறார். நடத்தை, மனநலம் சார்ந்த காரணத்தால் தொகை பெற்றவர்கள்தான் இதில் அதிகம் கழிபவர்கள்.

தொகை நிலைத்தவருக்கும் நிம்மதி இல்லை. பெற்றோர் வீட்டில் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தராமல் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும், கைக்கு 644.67 டாலர். வேலைக்குப் போய் மாதம் 1,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். முதல் 85 டாலரைத் தள்ளிவிட்டு, மீதி 915-ல் பாதியான 457.50 டாலரைத் தொகையிலிருந்து கழிப்பார்கள். முழுத் தொகை பெறுபவருக்கு 509.50 மிஞ்சும். ஆக, 1,000 டாலருக்கு உழைத்தவரின் கையில் உண்மையில் கூடுவது 542.50. சேமிக்கவும் முடியாது. கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் அந்த மாதத் தொகை கிடையாது. இந்த 2,000 என்ற வரம்பு 1989-ல் நிர்ணயித்தது. விலைவாசிக்கு ஏற்றிருந்தால் இன்று 5,000-ஐத் தாண்டியிருக்கும். வாடகை வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் கட்ட, ஓடும் நிலையில் ஒரு பழைய கார் வாங்க, 2,000 டாலர் எந்த ஊரில் போதும்? ஏபிள் கணக்கு என்ற தனிச் சேமிப்பு வழி 2014 சட்டத்தால் வந்திருக்கிறது. அதில் ஒரு லட்சம் டாலர் வரை இந்த வரம்பில் சேராது. தெரிந்தவர்களுக்கு அது வரம்.

படிப்பில் நிலைப்பவருக்குச் சட்டம் இரண்டு நல்ல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 22 வயதுக்குட்பட்ட மாணவரின் சம்பளத்தில் 2025-ல் மாதம் 2,350 டாலர் வரை, ஆண்டுக்கு 9,460 டாலர் வரை கணக்கில் எடுக்க மாட்டார்கள். முன்னே சொன்ன 1,000 டாலர் உழைப்பாளி மாணவராக இருந்தால், அந்த ஆண்டு வரம்பை எட்டும்வரை 967-ம் முழுதாக வரும், 1,000-ம் முழுதாக நிற்கும். இரண்டாவது, 18 வயதுப் பரிசோதனையில் தோற்றாலும், ஐஇபி-யின் கீழ் பள்ளியில் தொடரும் 18 முதல் 21 வயதுள்ளவருக்குத் தொகை நீடிக்கும். இரண்டுமே பள்ளியில் இருப்பவருக்கு. பள்ளியை விட்டு வெளியேறுவதில் முதலிடத்தில் நிற்கும் பிரிவோ இது. உதவி தேவைப்படும் கைக்கும் உதவி இருக்கும் இடத்துக்கும் இவ்வளவு தூரம் இருப்பது என்னைத் திரும்பத் திரும்ப வருத்துகிறது.

தொகையை இழந்தவர்கள் என்ன ஆனார்கள்? இதற்குப் பதில் சொன்னவர் பொருளியலாளர் மானசி தேஷ்பாண்டே. 1996-ன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் ஆகஸ்ட் 22-ல் கையெழுத்தானது. அந்தத் தேதிக்குப் பிறகு 18 ஆனவர்களுக்குப் பரிசோதனை. அதற்குச் சற்று முன் 18 ஆனவர்களில் பெரும்பாலோர் தப்பித்தார்கள். பிறந்த வாரம் ஒன்றைத் தவிர இரு கூட்டத்துக்கும் வேறுபாடில்லை. 2016-ல் வந்த அவரது கட்டுரையின்படி, நீக்கப்பட்டு வெளியிலேயே இருந்தவர்களின் சராசரிச் சம்பாத்தியம் ஆண்டுக்கு 4,400 டாலர். மாதத்துக்கு 367. இழந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உழைப்பால் மீட்க முடிந்தது. 16 ஆண்டுகளில், வட்டிக்கழிவு போக, 76,000 டாலர் வருமான இழப்பு. 'தொகையை நிறுத்தினால் வேலைக்குப் போவார்கள்' என்று சொன்னவர்களுக்கு இந்த எண் போதுமான பதில்.

2022-ல் அவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் முல்லர்-ஸ்மித்தும் அதே கூட்டத்தை நீதிமன்றப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். தொகை நீக்கத்தால், அடுத்த இருபது ஆண்டில் குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கை 20 விழுக்காடு கூடியது. திருட்டு, வீடு புகுதல், மோசடி, பாலியல் தொழில் போன்ற, பணத்துக்காகச் செய்யும் குற்றங்கள் மட்டும் 60 விழுக்காடு கூடின. ஓர் ஆண்டில் சிறையில் இருக்கும் வாய்ப்பும் 60 விழுக்காடு உயர்ந்தது. ஆண்டுக்கு 15,000 டாலர் வரும் நிலையான வேலையில் அமர்வதைவிட, பணத்துக்கான குற்றத்தில் மாட்டிக்கொள்வது இரு மடங்கு நடந்தது. உதவித்தொகையில் மிச்சப்பட்டதைக் காவலுக்கும் சிறைக்குமான செலவு ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிட்டது.

இந்தக் கூட்டம் முழுக்க உணர்வுப் பாதிப்பு உள்ளவர்கள் என்று சொல்ல முடியாது. ஏழ்மையில் குறைபாட்டோடு வளர்ந்த எல்லோரும் இதில் இருக்கிறார்கள். ஆனால் தொடக்கத்தில் பார்த்த 60 என்ற கைது எண்ணுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பசியும் வாடகையும் துரத்த, மருந்தும் நின்றுபோக, கோபத்தை அடக்கக் கற்றுத் தந்த ஆசிரியரும் அருகில் இல்லாமல் போகும் ஓர் இளைஞர் என்ன செய்வார்?

சிறைக் கணக்கு

2015-ல் 45 மாநிலங்களின் சிறைச் செலவைக் கூட்டிப் பார்த்த வேரா நீதி நிறுவனம், கைதி ஒருவருக்குச் சராசரி ஆண்டுச் செலவு 33,274 டாலர் என்றது. அதே ஆண்டில் முழு எஸ்எஸ்ஐ தொகை மாதம் 733, ஆண்டுக்கு 8,796. ஓர் ஆண்டுச் சிறைக்கு மூன்றே முக்கால் ஆண்டு உதவித்தொகை ஈடு.

சிறார் காவலில் கணக்கு இன்னும் கொடுமையானது. 2020-ல் நீதிக் கொள்கை நிறுவனம் திரட்டிய எண்களின்படி, ஒரு சிறுவரைப் பூட்டிய இடத்தில் வைக்க நாளைக்குச் சராசரி 588 டாலர், ஆண்டுக்கு 2,14,620. அந்த ஆண்டின் ஒரு மாத எஸ்எஸ்ஐ தொகை 783 டாலர். ஒன்றரை நாள் காவலுக்குக்கூட அது காணாது. பள்ளியோடு ஒப்பிடுங்கள். 2022 நிதியாண்டில் மாணவர் ஒருவருக்கான தேசியச் சராசரி 15,633 டாலர். 180 பள்ளி நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 87. உள்ளே இருக்கும் பிள்ளைகள் யார் என்று 2005-ல் ஒரு தேசியக் கணக்கெடுப்பு கேட்டது. சிறார் சீர்திருத்த நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு சிறப்புக் கல்விக்கு உரியவர்கள். அவர்களில் 47.7 விழுக்காடு உணர்வுப் பாதிப்புப் பிரிவு. இன்றைய பள்ளியின் சிறப்புக் கல்விப் பட்டியலில் 5 விழுக்காடாக இருக்கும் பிரிவு, சிறார் காவலின் பட்டியலில் பாதியாக இருந்திருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இங்கே எல்லோரும் அளக்கத்தான் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் படியால் மட்டும் அளக்கிறார்கள். பள்ளிச் செலவு உள்ளூர் மாவட்டத்தின் ஏட்டில். உதவித்தொகை மத்திய ஏட்டில். மெடிக்கெய்டு மத்திய, மாநில ஏடுகளில் பங்கு போட்டு. விசாரணைக் கைதியை அடைக்கும் ஜெயில் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகத்தின் ஏட்டில், தண்டனைச் சிறை மாநிலத்தின் ஏட்டில். ஓர் இளைஞரைத் தொகையிலிருந்து நீக்கும் மத்திய அதிகாரி தன் ஏட்டில் மிச்சம் காட்டுகிறார். அதே ஆள் கவுண்டி ஜெயிலில் செலவாக வரும்போது அந்த அதிகாரி அதைப் பார்ப்பதே இல்லை. அந்த இளைஞருக்காக ஓடிய தாயின் விடுப்பு நாட்களும் போன வேலையும் யார் ஏட்டிலும் இல்லை. தேஷ்பாண்டேவும் முல்லர்-ஸ்மித்தும் செய்த பெரிய உதவி, பிரிந்து கிடந்த ஏடுகளில் இரண்டையாவது ஒரே மேசையில் வைத்துக் கூட்டியது.

கல்லூரி என்ற வழி

53 பேர் ஏதோ ஒரு மேற்படிப்பில் சேர்ந்தார்கள் என்றேன். இவர்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் சேரும் இடம் சமுதாயக் கல்லூரி. 2024-25-ல் அங்கே உள்ளூர் மாணவருக்குச் சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 4,050 டாலர். ஏழை மாணவருக்கான பெல் மானியம் அதிகபட்சம் 7,395. கட்டணம் போக மிச்சம்கூட வரும். எண்ணைப் பார்த்தால் வழி திறந்தே இருக்கிறது.

ஆனால் மன அழுத்தம் கல்லூரி நாட்காட்டியைக் கேட்டு வருவதில்லை. 16 வாரப் பருவத்தில் ஐந்தாவது வார முடிவில் ஒரு மாணவர் மருத்துவமனையில் சேர்ந்து எல்லாப் பாடங்களையும் விடுகிறார் என்று கொள்வோம். பருவத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டும் முன் விலகினால், மானியத்தில் இருந்த நாட்களுக்கான பங்குதான் அவருடையது. இங்கே 31 விழுக்காடு. பருவக் கட்டணமான 2,025 டாலரில் மீதி 69 விழுக்காட்டை, ஏறத்தாழ 1,400 டாலரை, கல்லூரி மத்திய அரசுக்குத் திருப்பிக் கட்டிவிட்டு மாணவரிடம் கேட்கும். மருத்துவமனையிலிருந்து திரும்புபவரை வரவேற்கும் முதல் கடிதம் அந்த பில்.

அடுத்தது தேர்ச்சிக் கணக்கு. எடுத்த கிரெடிட்களில் ஏறத்தாழ 67 விழுக்காட்டை முடித்திருந்தால்தான் மானியம் தொடரும். விட்ட பாடங்களும் எடுத்தவையாகவே எண்ணப்படும். முதல் பருவம் 12 எடுத்து 0. இரண்டாம் பருவம் 12 எடுத்து 12-ம் தேறினாலும் 24-க்கு 12, பாதிதான். மூன்றாம் பருவமும் முழுதாகத் தேறினால் 36-க்கு 24, 66.7. நோயில் இழந்த ஒரு பருவத்தை ஈடுகட்ட இரண்டு பருவம் ஒன்றுகூடத் தவறாமல் தேற வேண்டும். நோயைக் காட்டி முறையிட விதியில் இடமுண்டு. முறையிட, முதலில் தன் நோயை எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியிடம் குறைபாட்டைச் சொன்னவர்கள் 28 விழுக்காடுதான் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

4,000 டாலர்

நன்மை செய்யும் செலவும் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய ஐபிஎஸ் என்ற வேலை உதவி முறையில், முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற வரிசை கிடையாது. கடுமையான மனநோய் உள்ளவர் வேலை வேண்டும் என்று சொன்னால் போதும். உடனே அவர் விரும்பும் வகை வேலையைத் தேடத் தொடங்குவார்கள். வேலை கிடைத்த பிறகும் உதவியாளர் கூடவே இருப்பார், மருத்துவக் குழுவோடு சேர்ந்தே வேலை செய்வார். 30 வயதுக்குட்பட்ட 109 பேரைப் பற்றி 2016-ல் வந்த பகுப்பாய்வில், இந்த உதவி பெற்ற 49 பேரில் 82 விழுக்காட்டினர் சாதாரணச் சந்தை வேலையில் அமர்ந்தார்கள். வேறு உதவி பெற்ற 60 பேரில் அது 42 விழுக்காடு.

ஓர் உதவியாளரிடம் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்த முறையின் தர விதி. சம்பளம், காப்பீடு, பயணம் எல்லாம் சேர்த்து உதவியாளருக்கு ஆண்டுக்கு 80,000 டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தலைக்கு 4,000. வேரா சொன்ன சிறைச் செலவில் எட்டில் ஒரு பங்கு. 20 பேரில் மூன்று பேரை ஓர் ஆண்டு சிறைக்கு வெளியே வைத்தாலே உதவியாளரின் முழுச் செலவும் வந்துவிடும். 82-க்கும் 42-க்கும் இடையில் இருப்பது 20-க்கு எட்டுப் பேர்.

2014-ன் தொழிலாளர் சட்டம், மாநில மறுவாழ்வுத் துறைகள் பெறும் மத்தியப் பணத்தில் 15 விழுக்காட்டைப் பள்ளி மாணவர்களின் வேலை முன்தயாரிப்புக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதை அறிமுக வகுப்புகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் கரைக்காமல், பதினாறு வயதிலேயே சம்பளம் வரும் ஒரு வேலையில் பிள்ளையை அமர்த்தச் செலவிட வேண்டும் என்பது என் துணிபு. பள்ளி நாட்களில் கூலிக்கு வேலை செய்த அனுபவம், பிற்கால வேலையை முன்கூட்டிச் சொல்லும் குறிகளில் ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டுவது.

சேமிப்பு வரம்பை 2,000-லிருந்து 10,000 டாலராக்கும் மசோதா இரு கட்சியினரின் ஆதரவோடு பல தடவை நாடாளுமன்றத்துக்கு வந்தது. இன்னும் சட்டமாகவில்லை.

அதுவரை குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விதிகள் சில உண்டு. பிள்ளைக்கு 18 ஆகும்வரை பெற்றோரின் வருமானமும் சொத்தும் எஸ்எஸ்ஐ கணக்கில் சேரும். 18 ஆனதும் சேராது. நல்ல சம்பளக்காரர்கள் என்பதால் நமக்கு இது கிடையாது என்று ஒதுங்கிய வீடுகளும், நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் உட்பட, அமெரிக்கக் குடிமகனான பிள்ளைக்கு அந்த வயதில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே தொகை பெறும் பிள்ளை என்றால், 18 வயதுப் பரிசோதனையின்போதும் அதற்குப் பிறகும் ஐஇபி-யைக் கைவிடாமல் பள்ளியில் தொடர வைப்பது பணக் கணக்கிலும் பெரிய பாதுகாப்பு. நீக்கக் கடிதம் பிள்ளையின் பெயருக்கு வரலாம். மனம் சோர்ந்து கிடப்பவர் அதைப் பிரிக்காமலே வைத்திருக்கலாம். வீட்டுத் தபாலை யாராவது ஒருவர் தினமும் பார்ப்பது நல்லது. மேல்முறையீட்டுக்கு 60 நாள் தருகிறார்கள். முறையீடு நடக்கும்போதே தொகையும் மெடிக்கெய்டும் நிற்காமல் வர வேண்டுமானால் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். முறையீட்டில் தோற்றால் இடையில் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடும். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.